முதுகுக்கு வாங்கிய காற்று

சின்ன அத்தை கட்டிலுக்கு அடியிலிருந்து அந்த ஃபிளெக்ஸ் பேனரை இழுத்தபோது முதலில் வெளியே வந்தது ஒரு கண். மை தீட்டிய, சோற்றுத் தட்டு அளவுக்குப் பெரிதான குழந்தைக் கண். அத்தை மடிப்பைப் பிரிக்கப் பிரிக்கக் கன்னம் வந்தது, கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு வந்தது, கடைசியில் ‘காதணி விழா’ என்ற எழுத்துகளில் பாதி வந்தது. அந்த ஆறாவது மாடி வீட்டின் ஒரே அறை முழுக்க அந்தக் குழந்தை காலை நீட்டிப் படுத்துக்கொண்டது. எங்களுக்கு நிற்க இடமில்லை. நான் சமையல் மேடைப் பக்கம் ஒதுங்கினேன். என்னோடு வந்திருந்த பேராசிரியை, வெறுங்காலைக்கூட அதன்மேல் வைக்கத் தயங்கி, சுவரில் பல்லிபோல ஒட்டிக்கொண்டு நின்றார். “பயப்படாதீங்க டீச்சரம்மா. ஒடம்பு மேல மிதிக்கலாம், குந்தலாம். மூஞ்சி மேல மட்டும் யாரும் குந்தக் கூடாது. அது எங்க கட்டுப்பாடு” என்றாள் அத்தை. மேடத்தை எப்போது நினைத்தாலும் எனக்கு முதலில் வருவது அந்தக் காட்சிதான். முப்பது வருடம் வகுப்பறைகளை மிரட்டிய ஒரு பெண்மணி, ஒரு பேனர் குழந்தைக்குப் பயந்து சுவரோரம் நின்ற காட்சி.

நான் அவரிடம் வேலைக்குச் சேர்ந்ததே ஒரு வேடிக்கை. தியாகராய நகரில் பள்ளிப் பிள்ளைகளுக்கு நோட்ஸ் போடும் ஓர் அச்சகத்தில் பல வருடம் பிழை திருத்திக்கொண்டிருந்தேன். அச்சகம் மூடப்பட்டது. பிழைகள் தீர்ந்துபோனதால் அல்ல, பிள்ளைகள் எல்லாம் செல்போனில் படிக்கத் தொடங்கியதால். எப்போதோ தபாலில் படித்த வரலாற்று எம்.ஏ. ஒன்று பீரோவில் இருந்தது. அதைத் தட்டி எடுத்துக்கொண்டு, நாற்பத்தாறு வயதில், தலையில் பாதி முடியோடும் இடுப்பில் இரண்டு பங்கு சதையோடும் ஒரு பல்கலைக்கழகத் திட்ட உதவியாளர் வேலைக்கு நேர்முகத் தேர்வுக்குப் போனேன். வெளியே காத்திருந்த பிள்ளைகள் எல்லாரும் என்னைப் பார்த்து எழுந்து நின்றார்கள், தேர்வு நடத்துகிறவர் நான்தான் என்று நினைத்து. உள்ளே இருந்தவர்கள் என்னைத் தண்ணீர் கேன் போட வந்தவன் என்று நினைத்தார்கள். மேடம் மட்டும்தான் என்னை நான் என்று நினைத்தார். “கடற்கரைக்குக் கடைசியா எப்போ போனேள்?” என்று கேட்டார். “என் வீடு மயிலாப்பூர்லதான் மேடம். அதனால போறதே இல்ல” என்றேன். அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பில் எனக்கு வேலை கிடைத்தது.

வேலையின் பெயர் நீளமானது. இந்த நகரத்தில் ஆறு, குளம், கடல் என்று தண்ணீர்க் கரைகளுக்குப் போய் உடம்பையும் மனசையும் ஆற்றிக்கொள்ளும் வழக்கம் யார் யாருக்கு வாய்த்தது, யார் யாருக்கு வாய்க்கவில்லை, அது எப்படி மாறி வந்தது என்பதன் வரலாறு. இதை வீட்டில் விளக்க வேண்டியிருந்தது. “அதாவது, பீச்சுக்கு யாரு யாரு காத்து வாங்கப் போனாங்கன்னு கேட்டு எழுதற வேலை” என்றேன். என் மனைவி அடுப்பைச் சின்னதாக்கிவிட்டுத் திரும்பினாள். “அதுக்கு சம்பளம் வேற குடுக்கறாங்களா?” என்றாள். பிறகு, “நாம போனோம்னு எழுதிடாத. கல்யாணம் ஆனதுலேர்ந்து ஒரே ஒரு தபா கூட்டினு போன, அன்னிக்கும் மழ” என்று முதல் தகவலாளராகத் தன்னைப் பதிவு செய்துகொண்டாள்.

மேடத்தின் வீடு கபாலி கோயில் குளத்துக்குப் பின்னால் ஒரு பழைய தெருவில் இருந்தது. அவர்கள் குடும்பத்தில் கடல் என்றால் அமாவாசைக்குப் போய் ஒரு முழுக்குப் போட்டுவிட்டு நேரே திரும்பும் இடம். சும்மா போய் உட்காருவது என்ற பேச்சே அந்த வீட்டில் கிடையாதாம். அதனாலோ என்னவோ மேடத்துக்குக் கடலைப் பார்ப்பதில் ஒரு பெரிய மரியாதை. கடற்கரைக்குக் கள ஆய்வுக்குப் போகும்போதெல்லாம் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, விடைத்தாளைப் பார்ப்பதுபோலக் கடலைப் பார்ப்பார். ஒரு வார்த்தை பேச மாட்டார். நானும் பக்கத்தில் நின்று பார்ப்பேன். சிறிது நேரத்தில் எனக்குப் பசிக்கும். அவர் தயாரித்த கேள்விகளில் முதல் கேள்வியும் அதைப் பற்றியதுதான்: ‘கடலைப் பார்த்துக்கொண்டு அமர்ந்திருக்கையில் எப்படி உணர்கிறீர்கள்?’ நொச்சிக்குப்பத்தில் மீன் விற்கும் ஓர் அம்மாவிடம் இந்தக் கேள்வியை நான் வாசித்துக் காட்டியபோது, அவர் வஞ்சிரத்தை வெட்டுவதை நிறுத்திவிட்டு, “நைனா, நீ மீன் வாங்க வந்தியா, இல்ல ஜோசியம் பாக்க வந்தியா?” என்று கேட்டார். மீன் வாங்கிக்கொண்டு திரும்பினேன்.

அப்படித்தான் அத்தையிடம் போனோம். வெளியாட்களிடம் நான் வாங்கிய அடிகளைப் பார்த்துவிட்டு, “உங்க மனுஷா யாராவது இருக்காளா?” என்று மேடம்தான் கேட்டார். இருந்தாள். என் அப்பாவின் கடைசித் தங்கை. கோட்டூர்புரத்தில் அடையாற்றங்கரைக் குடிசையில் பிறந்து, அங்கேயே வாழ்க்கைப்பட்டு, அங்கேயே பிள்ளை பெற்றவள். தியாகராய நகரில் ஒரு கல்யாண மண்டபத்தில் பாத்திரம் கழுவும் வேலை. வெள்ளம் வந்து போன பிறகு கரையிலிருந்த எல்லாரையும் ஊருக்கு வெளியே, தெற்கே, அடுக்குமாடிகளுக்கு அனுப்பினார்கள். அத்தைக்கு ஆறாவது மாடி.

மேடம் ஆற்றைப் பற்றி நிறைய எதிர்பார்த்து வந்திருந்தார். அத்தை அதை முதல் வாயிலேயே முடித்துவிட்டாள். “ஆறா? சும்மா இருங்க டீச்சரம்மா. மூக்கப் பொத்திக்கினு கெடந்தோம். கொசு ஒவ்வொண்ணும் இம்மாம் பெருசு. அத்தப் போயி எவ நெனச்சிக்கினு இருப்பா?” மேடத்தின் பேனா காற்றில் நின்றது. சமாளித்துக்கொண்டு கடலுக்கு வந்தார். முதல் கேள்வியைக் கேட்டார். அத்தைக்குப் புரியவில்லை. “கடலப் பாத்துக்கினா? கடல யாரு பாத்தா? நாங்க ரோட்டப் பாத்துக்கினு குந்தினு இருப்போம்” என்றாள்.

பிறகுதான் கதை வெளியே வந்தது. பெரிய முகூர்த்த நாட்களில் மண்டபத்தில் மூன்று பந்தி முடிந்து, சாம்பார் அண்டாவுக்குள் பாதி உடம்பை விட்டுத் தேய்த்துக் கவிழ்த்த பிறகு, அத்தையும், அதே கரையிலிருந்து வேலைக்கு வந்த மற்ற மூன்று பெண்களும் கையோடு ஒரு தூக்குச் சட்டியில் மிச்சம் மீதி சாப்பாட்டை வாங்கிக்கொண்டு பஸ் ஏறி பெசன்ட் நகர் கடற்கரைக்குப் போவார்கள். உட்கார விரிப்புக்கும் குறைவில்லை. விழா முடிந்த மண்டபத்தில் குப்பைக்குப் போகும் பேனர்களில் ஒன்றைச் சுருட்டிக்கொண்டால் போயிற்று. அப்படி வந்து நிலைத்ததுதான் இந்தக் காதணிக் குழந்தை. மணலில் விரித்து, முகத்தை மட்டும் விட்டுவிட்டு, அந்த இடத்தில் தூக்கையும் தண்ணீர் பாட்டிலையும் வைத்து, நான்கு பேரும் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்காருவார்கள். காலையிலிருந்து குனிந்தே கிடந்த முதுகு. வேர்த்து ரவிக்கை ஒட்டிப்போன முதுகு. “காத்து முதுவுலதான் வாங்கணும். மூஞ்சில வாங்குனா மண்ணுதான் வரும்” என்றாள் அத்தை. எதிர் வீட்டுக் கதவில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்த அவளுடைய தோழி, மண்டபத்தில் டம்ளர் மட்டும் கழுவியதால் அங்கே எல்லாருக்கும் டம்ளர் அக்கா, உடனே மறுத்தாள். “அதெல்லாம் சும்மா. இவ போற வர்ற ஜோடிங்களப் பாக்கறதுக்குத்தான் அப்படித் திரும்பிக் குந்துவா.” “நீ பாக்கல?” “நான் பஜ்ஜிக் கடையப் பாப்பேன்.” இரண்டு பேரும் மாற்றி மாற்றிச் சண்டை போட்டார்கள். மேடம் எதையும் எழுதவில்லை. வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். முப்பது வருடமாகத் தான் நிறுத்தி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்த கடலுக்கு முன்னால் இத்தனை முதுகுகள் உட்கார்ந்திருந்தது அவருக்கு அப்போதுதான் கண்ணில் பட்டது போலிருந்தது.

இங்கே வந்த பிறகு ஒரே ஒரு தடவை போய்ப் பார்த்தார்களாம். போக இரண்டு பஸ் மாற வேண்டியிருந்தது. திரும்பும்போது ஒரு பஸ்ஸிலும் கால் வைக்க இடமில்லை. ராத்திரி வெகுநேரம் கழித்து வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது அத்தையின் மகன், என் மச்சான், தெரு முனையிலேயே நின்றுகொண்டிருந்தான். “இந்த வயசுல இன்னாம்மா ஒனக்கு பீச்சு?” என்று நான்கு பேர் முன்னால் கத்திவிட்டான். பாவம், பயத்தில்தான் கத்தினான். ஆனால் அதற்குப் பிறகு அவர்கள் போகவில்லை. “அப்பால யாரு போறது. முட்டியும் வலிக்குது” என்று அத்தை பேச்சை முடித்தாள். முட்டி வலி என்பது எங்கள் குடும்பத்தில் எல்லாக் கதைக்கும் முற்றுப்புள்ளி. நானே அதைப் பல இடங்களில் வைத்திருக்கிறேன்.

மேடத்துக்கு அது ஓய்வு பெறப்போகும் வருடம். திட்டத்தின் முடிவில் ஒரு கண்காட்சி வைக்க வேண்டும். வெறும் எழுத்தை யார் பார்ப்பார்கள், நடுவில் ஒரு பொருள் வேண்டும் என்று அவர் மாதக்கணக்காகத் தேடிக்கொண்டிருந்தார். அந்த ஃபிளெக்ஸைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. தயங்கித் தயங்கிக் கேட்டார். கண்ணாடிக்குள் வைப்போம், பத்திரமாகப் பார்த்துக்கொள்வோம், கீழே உங்கள் பெயர் போடுவோம் என்றார். நானும் என் பங்குக்கு, “யுனிவர்சிட்டில வெப்பாங்க அத்தே, பெரிய கௌரவம்” என்றேன்.

அத்தை ஃபிளெக்ஸை மடிக்கத் தொடங்கினாள். கன்னம் போனது, பொட்டு போனது, கடைசியாகக் கண் போனது.

“அதெல்லாம் குடுக்க முடியாது டீச்சரம்மா. நாங்க போவ சொல்ல வேணும்ல?”

போவ சொல்ல, அதாவது போகும்போது. எங்கே போகிறாள்? இப்போதுதானே முட்டி வலி என்று முற்றுப்புள்ளி வைத்தாள்? என் மச்சான் பைக்குக்கு உறையாகப் போடக் கேட்டபோதும் அவள் தரவில்லை என்று டம்ளர் அக்கா குறுக்கே புகுந்து சொன்னாள். எத்தனையோ மழைக்கு ஜன்னலில் கட்டச் சொன்னபோதும் தரவில்லையாம். குடிசையிலிருந்து லாரியில் சாமான் ஏற்றிய அன்று கழன்று விழுந்த பீரோ கதவைக்கூட விட்டுவிட்டு வந்தவள், இதை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வந்திருக்கிறாள். நான் இன்னொரு முறை வற்புறுத்த வாயைத் திறந்தேன். மேடம் என் கையைத் தட்டினார். “வேண்டாம். அது அவாளுக்கு வேணும்” என்றார்.

திரும்பும்போது லிஃப்ட் வேலை செய்யவில்லை. ஆறு மாடியும் மேடம் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். கீழே வந்ததும், “நம்ம டிபார்ட்மெண்ட் வேன் எதுக்கெல்லாம் எடுக்கலாம்?” என்று கேட்டார். கள ஆய்வுக்கு மட்டும் என்றேன். “குழு நேர்காணல் கள ஆய்வுதானே?” என்றார். “ஆமாம் மேடம்.” “கடற்கரைல உட்கார்ந்துண்டு பண்ணினா?” எனக்கு அப்போதுதான் விளங்கியது. விளங்கியதும் எனக்கே முட்டி வலி சரியாகிவிட்டது.

வேனுக்கு அனுமதி வாங்குவதைவிட அத்தையைக் கிளப்புவது கஷ்டமாக இருந்தது. போனில் கேட்டபோது, “ஏன்டா, எனக்கு வேற வேல இல்லியா?” என்றாள். மச்சான் என்ன சொல்வானோ என்பதுதான் உள்ளே இருந்த பயம். மேடமே அவனிடம் பேசினார். உங்கள் அம்மா எங்கள் ஆய்வுக்கு வேண்டும், நாங்களே கூட்டிப்போய் நாங்களே கொண்டுவந்து விடுகிறோம் என்றார். இவ்வளவு மரியாதையாக அவன் அம்மாவை யாரும் அவனிடம் கேட்டதில்லை. ஒரு பெரிய அதிகாரிபோல, “சரிங்க மேடம், பாத்துக்குங்க” என்றானாம். சனிக்கிழமை மத்தியானம் வேன் போய் நின்றபோது நான்கு பெண்களும் பூ வைத்துக்கொண்டு கீழே காத்திருந்தார்கள். அத்தையின் கக்கத்தில் குழந்தை இருந்தது.

பெசன்ட் நகரில் வெயில் கட்டிடங்களுக்குப் பின்னால் இறங்கும் வரை காத்திருந்து, ஃபிளெக்ஸை விரித்தார்கள். யாருக்கு எந்த இடம் என்று ஒருவரும் கேட்கவில்லை. காதுப் பக்கம் அத்தை, பொட்டுக்குக் கீழே டம்ளர் அக்கா, மற்ற இரண்டு பேர் எழுத்துகளின் மேல். மேடம் வழக்கம்போலக் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு கடலைப் பார்த்து நின்றார். நான் கேமராவோடு அலைக்குள் இறங்கினேன். நான்கு முதுகுகளும் ஒன்றாக வர வேண்டுமென்றால் கடலில் நின்றுதான் எடுக்க வேண்டும். ஓர் அலை வந்து என் செருப்பில் ஒன்றை எடுத்துக்கொண்டது. அடுத்த அலை மற்றதைக் கேட்டு வந்தது. “டேய், கடலப் பாத்து நில்லுடா! முதுவக் காட்டினா இழுத்துக்கினு பூடும்!” என்று அத்தை திரும்பிப் பார்த்துக் கத்தினாள். இத்தனை வருடம் கடலுக்கு முதுகைக் காட்டியவள் சொல்கிறாள். நான்கு பேரும் சிரித்த சிரிப்பில் பக்கத்துப் பஜ்ஜிக் கடைக்காரர் கரண்டியை நிறுத்திப் பார்த்தார்.

அந்தக் குழு நேர்காணலின் பதிவு இன்றும் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. எழுத்தாக்கியவன் நான்தான். சுண்டலில் மாங்காய் குறைச்சல் என்பது பற்றி அதில் விரிவான விவாதம் இருக்கிறது. நடுவில் நீண்ட நேரம் யாரும் பேசவில்லை. அந்த இடத்தில் என்ன எழுதுவது என்று மேடத்திடம் கேட்டேன். “காற்று வாங்குகிறார்கள்னு எழுதுங்கோ” என்றார். கண்காட்சியில் நடுவில் ஃபிளெக்ஸுக்குப் பதிலாக நான் எடுத்த படத்தை மாட்டினோம். நான்கு முதுகுகள், அதற்கப்பால் ரோடு, பஜ்ஜிக் கடை, ஒரு ஜோடி. பார்க்க வந்த ஒரு பெரியவர், “இதுல கடல் எங்கே?” என்று கேட்டார். “படம் எடுத்தவன் அதுலதான் சார் நின்னான்” என்றேன்.

ஒரு நாள் உல்லாசம் அதோடு முடிந்துவிடும் என்றுதான் நினைத்தேன். ஆனால் டம்ளர் அக்காவின் மருமகன் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். இத்தனை வருடம் அவனிடம் கேட்க அவளுக்குக் கூச்சம். இல்லை என்று சொல்லிவிட்டால் மானம் போய்விடும். வேனில் போய் வந்ததைப் பார்த்த அவனே ரோஷப்பட்டு, “இன்னாத்தே, யுனிவர்சிட்டிக்காரன்தான் கூட்டினு போவணுமா? நான் இல்லியா?” என்று கேட்டுவிட்டான். மேடம் ஓய்வு பெற்றதும் பாலவாக்கத்தில் கடலோரமாக ஒரு சின்ன ஃபிளாட்டுக்குக் குடிபோனார். அது அத்தையின் வீட்டிலிருந்து பெசன்ட் நகரைவிடக் கிட்டே. இப்போது மாதத்தில் ஒரு சனிக்கிழமை எல்லாரும் அங்கே. “இதெல்லாம் ஒரு பீச்சா? பஜ்ஜிக் கட ஒண்ணுகூட இல்ல” என்று அத்தை ஒவ்வொரு முறையும் சொல்வாள். ஒரு முறையும் வராமல் இருந்ததில்லை.

காதணிக் குழந்தைக்கு வயதாகிவிட்டது. மடித்து மடித்து நெற்றியில் கிழிசல், வெயிலில் கண் வெளுத்துவிட்டது. மேடத்தின் பணி நிறைவு விழாவுக்கு அத்தையையும் அழைத்திருந்தோம். மேடை முழுக்க மேடத்தின் சிரித்த முகத்தோடு ஒரு பெரிய ஃபிளெக்ஸ் கட்டியிருந்தார்கள். பேச்சாளர்கள் எல்லாரும் மேடத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க, அத்தை எழுந்து போய் அதன் ஓரத்தை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்துவிட்டு வந்து என் காதில், “நல்ல கெட்டி. ஃபங்சன் முடிஞ்சா இத இன்னா பண்ணுவாங்கோ?” என்று கேட்டாள்.

போன சனிக்கிழமை பாலவாக்கத்தில் மேடம் தாமதமாக வந்தார். அறுபதுக்கு மேல் வீணை கற்றுக்கொள்ளத் தொடங்கியிருக்கிறார்; வகுப்பு முடிய நேரமாகிவிட்டதாம். மணலில் அவரது பணி நிறைவு விழா விரிந்திருந்தது. நான்கு பெண்களும் உட்கார்ந்தாகிவிட்டது. ‘வாழ்த்தி வணங்கும்’ என்ற வரியின்மேல் என் மனைவியும் நானும். கட்டுப்பாட்டின்படி முகம் மட்டும் காலி. தண்ணீர் பாட்டில் மூக்கருகே நின்றது. மேடம் சுற்றிப் பார்த்தார். வேறு இடமில்லை. அத்தை பாட்டிலை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

“உங்க மூஞ்சிதான டீச்சரம்மா. நீங்க குந்துனா தப்பில்ல.”

மேடம் பழக்கதோஷத்தில் ஒரு நிமிடம் கைகளைப் பின்னால் கட்டிக் கடலைப் பார்த்து நின்றார். பிறகு திரும்பி, புடவையை ஒதுக்கிக்கொண்டு, தன் சிரிப்பின்மேல் மெதுவாக உட்கார்ந்தார். எங்களைப்போலவே ரோட்டைப் பார்த்தார். எத்தனையோ பேரிடம் வாசித்துக் காட்டிய அந்த முதல் கேள்வியை அவரிடம் நான் கேட்டதே இல்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. “இப்ப எப்படி உணர்றீங்க மேடம்?” என்றேன்.

“சித்த பேசாம இருங்கோ” என்றார். “காத்து வந்துண்டிருக்கு.”